பதினாலாவது ஆள்

என் வீட்டுக்காரரின் சதையை மெழுகுக் கட்டியிலிருந்து மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணியவள் நான்தான். வேறு ஆள் இல்லாமல் இல்லை. “நீ வேண்டாம் முத்தழகு, இதை மட்டும் மெட்ராஸுக்கு அனுப்பிக்கிறேன்” என்று டாக்டர் ஹமீதா பானு சொல்லத்தான் செய்தார். நான்தான் கேட்கவில்லை. வேறொருத்தி எண்ணி, நாலு கூட்டியோ குறைத்தோ போட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க அவளைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும். என்னை நானே திட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்.

அவர் பெயர் பூமிநாதன். பரமக்குடியில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் இருபது வருஷ வேலை. நான் தினமும் அங்கிருந்து பஸ் ஏறி ராமநாதபுரம் போய் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். நீயும் சாயம் போடுகிறாய், நானும் சாயம் போடுகிறேன், உனக்கு மட்டும் ஃபேன் காற்று என்று கேலி பேசுவார். இரண்டாயிரத்து இரண்டு சித்திரையில் சிறுநீர் சிவப்பாகப் போனபோதும், “பட்டறைச் சாயம் உள்ளாற எறங்கிருச்சு போல” என்று சிரித்தாராம். அதையும் மூன்று மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். ஊராரின் மூத்திரத்தையெல்லாம் சோதிக்கிறவள் நான். என் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

மதுரையில் குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். மூத்திரப்பையில் புற்று. ஆழமாக இறங்கவில்லை, ஆனால் இறங்கலாம் என்றார்கள். அதற்கு மேல் இரண்டு வழிதான். குழந்தைகளுக்குப் போடுகிற காசநோய்த் தடுப்பு மருந்தை மூத்திரப்பைக்குள் வாராவாரம் விட்டுப் பார்ப்பது ஒன்று. மூத்திரப்பையை இப்போதே முழுசாக எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டிவிடுவது இன்னொன்று. சர்ஜன் இரண்டாவதைத்தான் சொன்னார். இவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பையத் தூக்கிக்கிட்டு அலையவா? பஸ்ஸுல ஒருத்தன் பக்கத்துல உக்காருவானா? அதுக்குப் போய்ச் சேரலாம்.”

“போய்ச் சேந்தா மட்டும் பக்கத்துல உக்காருவாகளா?” என்றேன். என் வாய் அப்படி.

எங்கள் டாக்டரம்மா அந்தச் சமயத்தில் ஒரு சோதனையைப் புதிதாகத் தொடங்கியிருந்தார். பி-53 என்று ஒரு புரதம். கெட்டுப்போன செல்லின் உட்கருவில் அது சேர்ந்துவிடும். சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மருந்தைச் சொட்டு விட்டால் அது சேர்ந்த இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும். நூறு செல்லில் இருபதுக்கு மேல் பழுப்பு என்றால் நோய் திரும்பி வரும், வந்தால் கொல்லும் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்கள். சிலர் அதெல்லாம் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். நம் சனங்களுக்கு எப்படி என்று யாருக்கும் தெரியாது. லேபின் பின்னறையில் பத்து வருஷத்துக்கு முந்தைய நோயாளிகளின் மெழுகுக் கட்டிகள் நாற்பத்தாறு கிடந்தன. அதையெல்லாம் எடுத்துச் சாயமேற்றிப் பார்த்து, அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிப்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. எண்ணுகிற வேலையும் விசாரிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தன.

நாற்பத்தாறில் பதினாலு பழுப்பு. என் வீட்டுக்காரருக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு.

அன்று சாயங்காலம் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். மறைக்கத் தெரிந்திருந்தால் என் கதையே வேறு. அவர் பீடியை அணைத்தார்.

“அந்தப் பதினாலு பேருல ஆப்பரேசன் இல்லாம ஒருத்தன் பொழச்சிருந்தான்னு வச்சுக்க. ஒரே ஒருத்தன். நானும் பண்ணிக்க மாட்டேன். ஒருத்தனும் இல்லையா, நீ சொல்ற தேதியில வந்து படுக்குறேன். பேச்சு மாற மாட்டேன்.”

அவர் பேச்சு மாற மாட்டார். அதுதான் என் பயமும்.

அந்தப் புரட்டாசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் லிஸ்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒன்றாம் நம்பர் மாரியூர்க்காரர், கடலுக்குப் போகிறவர். வீட்டுக்குள் நுழையும்போதே படத்துக்கு மாலை போட்டிருந்தது. இரண்டாம் நம்பர் வீட்டிலும் மாலை. நாலாம் நம்பர் புதுமடத்தில். அந்த வீட்டில் படம் மாட்டும் வழக்கம் இல்லை. அவர் மனைவி நஸீரா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மவுத்தாகி ஏழு வருசமாச்சு. இன்னைக்காச்சும் அவுகளக் கேட்டு ஒருத்தர் வந்தீகளே” என்று அழுதார். அவர் எப்படி நடப்பார், எந்தக் கையால் மீன் நறுக்குவார் என்றெல்லாம் சொன்னார். எனக்குத் தேவைப்பட்டது செத்த தேதி மட்டும்தான். அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எனக்கு இரண்டு மனசு. இவராவது உயிரோடு இருக்கக் கூடாதா என்று ஒன்று. எல்லாரும் போயிருந்தால் என் ஆள் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்வாரே என்று இன்னொன்று. அடுத்தவன் வீட்டில் சாவு நடந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறவளை என்ன சொல்வது? நான் நல்லவளில்லை என்று அந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

கார்த்திகை வாக்கில் அவர்கள் லேபுக்கு வர ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் லேபில் கூட்டம் இருக்காது. ரிசல்ட் வாங்குகிறவர்கள் உட்காரும் நீள பெஞ்சில் வெயில் மட்டும் கிடக்கும். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தேன். மாரியூர்க்காரர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், படத்தில் இருந்த அதே கோடு போட்ட சட்டையோடு. அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் நம்பர். மறுவாரம் நாலாம் நம்பரும் இருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் அவர்தான் என்று தெரிந்தது. அவர்கள் எதுவும் பேசவில்லை. மிரட்டவும் இல்லை. ரிசல்ட் வாங்க வந்தவர்கள் எப்படி என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்களோ அப்படி இருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

“ஒங்களுக்குத்தான் முடிஞ்சு போச்சுல்ல, எந்திரிச்சுப் போங்க” என்று சத்தமாகவே சொன்னேன். உள்ளேயிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்து, “யாரு?” என்றார். யாருமில்லை என்றேன். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி வந்தார்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று பேராகக் கூடினார்கள். பதின்மூன்று பேர் ஆனபோது பெஞ்சில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவருக்கும் மூத்திரப்பையை எடுக்கிற ஆபரேஷன் நடக்கவில்லை. சிலருக்குக் காலம் கடந்துவிட்டது, சிலர் எங்கள் ஆள் மாதிரி மாட்டேன் என்றவர்கள். மீதி இருந்தது பதினாலாவது ஆள் மட்டும். கூத்தையா, விவசாயம், தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மெழுகுக் கட்டி. நூற்றுக்கு எழுபது பழுப்பு. லிஸ்டிலேயே அவருக்குத்தான் அதிகம்.

அவர் ஊர் முதுகுளத்தூருக்கு அப்பால், பஸ் நின்று திரும்புகிற இடம். மார்கழி மாசம் போனேன். வீட்டில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். கூத்தையாவின் மனைவி ராக்கு என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

“கூத்தையான்னு ஒருத்தரும் இங்கன இல்ல. அவரு செத்து வருசம் ஒம்பதாச்சு” என்றார், நான் கேட்டு முடிக்கும் முன்பே.

நான் நோட்டைத் திறந்தேன். தேதி கேட்டேன். முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

“ஏக்கா, செத்தவரு பொண்டாட்டிக்கு நெத்தி நெறையக் குங்குமமா? கழுத்துல தாலி வேற கெடக்கு.”

அவர் சேலையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கும் அதே நோய், அதே பழுப்பு என்று சொன்னபோது அழுதுவிட்டேன். நான் அழுது அந்த மூன்று மாதத்தில் யாரும் பார்த்ததில்லை. ராக்கு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் சொன்னார்.

“அவருக்கு ரொம்ப முடியாமப் போச்சு. பொழச்சு வந்தா பாடையில வச்சுத் தூக்குறோம்னு எங்க ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டோம். எங்க வகையறாவுக்கு உள்ள வழக்கம் அது. உசுரோட பாடையில படுக்க வச்சு, வாய்க்கரிசி போட்டு, மேளத்தோட எல்லை வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். அங்கன வச்சு அவரு உடுத்துன துணி, ஆசுபத்திரிச் சீட்டு, எல்லாத்தையும் எரிச்சாச்சு. தண்ணி ஊத்தி, பிச்சைன்னு பேரு வச்சுக் கூட்டியாந்தோம். கூத்தையா அன்னைக்கே செத்தாச்சு. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அந்தச் சீக்கப் பத்தி அவருட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாது. கேட்டா அது திரும்பி வந்துரும். வெளியாளு யாரு வந்து கேட்டாலும் செத்துட்டாருன்னுதான் சொல்லணும்.”

“அப்ப, இருக்காரா?” என்றேன்.

“சத்தியம் பண்ணு. சீக்கப் பத்திக் கேக்க மாட்டேன்னு.”

சத்தியம் பண்ணினேன். கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். களத்தில் மிளகாய் வற்றல் சிவப்பாகக் கிடந்தது. சட்டை போட்ட ஒரு மனிதர் வெறுங்காலோடு நடந்து காலாலேயே அதைக் கிளறி விட்டுக்கொண்டிருந்தார். திடமாக இருந்தார். என்னைப் பார்த்ததும், “வா தாயி, எந்த ஊரு?” என்றார். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால் போதும். ஒரே ஒரு கேள்வி. ராக்கு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மிளகாய் விலையைக் கேட்டேன், மழை உண்டா என்று கேட்டேன், கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

“செத்துட்டாருன்னே எழுதிக்க தாயி” என்று ராக்கு பஸ் நிற்கிற இடம் வரை வந்து கெஞ்சினார். சரி என்று தலையாட்டினேன்.

பரமக்குடி வரும் வரைக்கும் எனக்கு உடம்பு நிலைகொள்ளவில்லை. எழுபது பழுப்பு உள்ள மனிதர் ஒன்பது வருஷமாக மிளகாய் கிளறுகிறார் என்றால் அறுபத்திரண்டு எம்மாத்திரம்? எத்தனை வருஷம் லேபில் இருந்தேன், என்ன படித்தேன், எல்லாம் அந்த பஸ்ஸிலேயே போய்விட்டது. ஆபரேஷன் நடந்ததா என்று கேட்கவில்லையே என்ற எண்ணம் முதுகுளத்தூர் தாண்டும்போது ஒரு தடவை வந்தது. சந்தோஷம் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டது. ராக்கு ஆத்தாளைப் பற்றிச் சொன்னாரே தவிர ஆபரேஷன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே, நடந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குள் போனதும் போகாததுமாக, “ஒருத்தரு இருக்காருங்க” என்றேன். அவர் எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை. “ஆப்பரேசன் இல்லாமத்தான?” என்று கேட்டார்.

“இல்லாமத்தான்.”

மறுநாள் டாக்டரம்மாவின் அட்டவணையில் பதினாலாவது வரியில் ‘உயிருடன்’ என்று எழுதினேன். அதற்கு அடுத்த கட்டம், மூத்திரப்பை அகற்றப்பட்டதா என்பது. டாக்டரம்மா கேட்டார்: “நேரா அவரையே கேட்டியா?”

“கேட்டேன்” என்று சொல்லி, ‘இல்லை’ என்று எழுதினேன்.

அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். “பதினாலில் ஒன்று. இதை வைத்து உன் வீட்டுக்காரருக்கு எதையும் முடிவு செய்யாதே. மதுரை டாக்டர் சொன்னதைச் செய்” என்றார். நான் முடிவு செய்துவிட்டு வந்திருப்பதை அவரிடம் சொல்லவில்லை.

மருந்து விடுகிற வைத்தியம் ஆறு வாரம் நடந்தது. எரிகிறது என்று துடிப்பார், ஆனாலும் சிரித்த முகமாகவே வருவார். முதல் இரண்டு தடவை உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததில் சுத்தமாக இருந்தது. “பாத்தியா, பதினஞ்சாவது ஆளு” என்று மார்பைத் தட்டிக்கொண்டார். மூன்றாம் தடவை சுத்தமாக இல்லை. அதற்குள் சதையைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. எலும்பில் வந்தது, அப்புறம் ஈரலில். வெட்டி எடுக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்று அதே சர்ஜன் சொன்னார். அப்போதும் இவர் என்னைக் குறை சொல்லவில்லை. “அந்த மொளகாக்காரரு நல்லா இருக்கட்டும்” என்றார். இரண்டாயிரத்து நாலு மாசியில் செத்துப்போனார். எடை முப்பத்தெட்டு கிலோ.

நெற்றிப் பொட்டையும் கழுத்துச் சங்கிலியையும் நான் எடுக்கவில்லை. மாமியார் வீட்டில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குப் போனேன். மூன்று மணிக்குப் பெஞ்சைப் பார்த்தேன். இவர் வருவார் என்று நினைத்தேன், இல்லை, வரவேண்டும் என்று தவித்தேன். அந்தப் பதின்மூன்று பேரும் இருந்தார்கள். இவர் வரவில்லை. இவருக்கான இடத்தில், உயிரோடு இருக்கிற கூத்தையா உட்கார்ந்திருந்தார். செத்தவர்களாவது சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூத்தையா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுக்கிற மாதிரியே இருந்தார். நான் ஸ்லைடைப் பார்ப்பேன், நிமிர்வேன், அவர் வாயெடுப்பார். நாலு மாதம் அப்படிப் போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுபதுக்கு இருந்தவர் எப்படி இருக்கிறார், அறுபத்திரண்டுக்கு என் ஆள் ஏன் போனார் என்ற ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆடி மாசத்தில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். சத்தியமாவது ஒன்றாவது, இந்தத் தடவை கேட்டுவிடுவது என்று போனேன்.

ராக்கு ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அவர் மட்டும் வேப்பமர நிழலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, “வா தாயி, வா” என்று பலகையை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

“நீங்க என்ன செஞ்சு பொழச்சீங்க?” என்றேன். “ஒங்க சீக்கத்தான் கேக்குறேன். மூத்திரப்பையில வந்த சீக்கு.”

அவர் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டுத் தெருப் பக்கம் பார்த்தார். ராக்கு வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார். அப்புறம் எழுந்து, வேட்டியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு பை ஒட்டியிருந்தது. பாதி நிறைந்திருந்தது. டெக்னீஷியன் புத்தி, என் கண் முதலில் நிறத்தைத்தான் பார்த்தது. வெளிர் மஞ்சள். கலங்கல் இல்லை, ரத்தம் இல்லை. அதற்கப்புறம்தான் பலகையில் உட்கார்ந்தேன்.

“மதுரையில தொண்ணூத்தி மூணுல எடுத்துட்டாக. எடுத்துட்டு வந்தப்பறந்தான் பாடை தூக்குனது” என்றார். “ராக்கு நெனப்புக்கு ஆத்தா மட்டுந்தான் காப்பாத்துனா. என் நெனப்புக்கு ஆத்தாளும் காப்பாத்துனா, அந்த டாக்டரும் காப்பாத்துனாரு. வெளிய பேசுனா குத்தம்னு வாயக் கட்டிப் போட்டுட்டாக. மூணு மாசத்துக்கு ஒருக்க மொத பஸ்ஸுக்குப் போயி பை வாங்கியாருவேன். அன்னைக்கே ஒனக்குக் காட்டியிருப்பேன் தாயி. நீ கேக்கவே இல்லையே.”

கத்த வேண்டும் போல இருந்தது. அவரை, ராக்குவை, அந்த ஆத்தாளை எல்லாரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கேட்காமல் வந்தது நான். கேட்டேன் என்று பொய் சொன்னது நான். ‘இல்லாமத்தான்’ என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதும் நான்தான்.

அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இதைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்ததில் அவர் முகம் தெளிந்திருந்தது. பத்து வருஷமாக யாரிடமும் பேசாத பேச்சு.

“வீட்டுக்காரருக்கும் இப்புடித்தான்னு ராக்கு சொன்னா. அவருக்கும் பை வச்சாச்சா? கூச்சப்படுவாரு. நானும் பட்டேன். மொத ஆறு மாசம் செத்துரலாம்னுதான் இருக்கும், விட்டுரக் கூடாது. பஸ்ஸுல சன்னலோரமா உக்காரச் சொல்லு, வலது பக்கஞ் சன்னல் இருக்குற மாதிரி. இடிக்காது. வெயிலு காலத்துல ஒட்டுன எடத்துல அரிக்கும், சொறியக் கூடாது, தண்ணியத் தொட்டுத் தொடச்சா அடங்கிரும். நெறைய விடாம அப்பப்ப தொறந்து விட்டுரணும். வேல வெட்டியெல்லாம் செய்யலாம், நான் செய்யலையா? ஒரு கொறையும் வராது. நாஞ் சொன்னேன்னு சொல்லு, தாயி. மறந்துராத.”

“சொல்றேன்” என்றேன்.